முத்துத்தாய் சொன்ன நிறம்

எனக்குக் கோபம் வந்தால் ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது, வாய் மட்டும் ஓயாது. ஆரப்பாளையத்தில் பழைய கார்களை உடைத்துப் பார்ட் பார்ட்டாக விற்கிற கடை வைத்திருப்பவனுக்கு இது ஒரு பெரிய குறையில்லை. ஆனால் அப்படி வந்த ஒரு கோபத்தால் ஒரு பெண்ணின் கண் போனது. முழுக்க என்னால்தான் போனது என்று சொல்ல மாட்டேன், பாதி என்னால். அந்தப் பாதியை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் காசிமாயன். அவள் முத்துத்தாய், என் சிநேகிதன் பேயாண்டியின் மனைவி.

பேயாண்டியும் நானும் செக்கானூரணியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அவனுக்கு ஏறியது. கெமிஸ்ட்ரி படித்து முடித்தான். ரயில்வே பரீட்சை எழுதித் தேறினான். ஊரே சந்தோஷப்பட்டது. பிறகு மெடிக்கலில் கழித்துவிட்டார்கள் என்று திரும்பி வந்தான். என்னடா என்று கேட்டதற்கு பிரஷர் என்றான். இருபத்திரண்டு வயதில் என்ன பிரஷர் என்று நான்கூடக் கேலி செய்தேன். அதற்கப்புறம் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். திரும்பி வந்து ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தாற்போல் சின்னதாக ஒரு வீடு கட்டினான். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டுத் தொழிலைத் தொடங்கினான்.

தொழில் இதுதான். கார் சைலன்ஸருக்குள் புகையைச் சுத்தம் செய்வதற்காகத் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக ஒரு கல் இருக்கும். அதன் மேல் பல்லேடியம் என்ற உலோகத்தைப் பூசியிருப்பார்கள். தங்கத்தைவிட விலை ஏறி நின்ற காலமும் அதற்கு உண்டு. ஒரு கல்லில் ஒரு சிட்டிகைகூட இருக்காது. நான் உடைக்கிற கார்களிலிருந்து கல்லை எடுத்துக் கொடுப்பேன். அவன் அதை இடித்துப் பொடியாக்கி அமிலத்தில் ஊறப்போட்டு, உலோகத்தைத் தண்ணீராக்கி, அந்தத் தண்ணீரிலிருந்து மறுபடி உலோகமாக எடுப்பான். கிடைக்கிற கரும்பொடியைக் கோயம்புத்தூரிலிருந்து வருகிற ஒருவர் வாங்கிக்கொண்டு போவார். வீட்டு மாடியில் இதெல்லாம் செய்யலாமா என்று யாரும் வந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று எனக்குத் தெரியாது.

கரைப்பது பெரிய காரியமில்லை, அதை அமிலமே பார்த்துக்கொள்ளும் என்பான் பேயாண்டி. கரைந்துபோனதைத் திரும்ப வாங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. வடிகட்டிய தண்ணீரில் துத்தநாகத் துண்டுகளைப் போடுவான். உலோகம் கறுப்புப் பொடியாக அடியில் உட்காரும். ஆனால் எல்லாம் உட்கார்ந்துவிட்டதா, இன்னும் தண்ணீருக்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு சோதனை. வெள்ளைத் தாளில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு, அதன் மேல் சோதனை மருந்து ஒரு சொட்டு. உலோகம் மிச்சம் இருந்தால் பச்சையோ பழுப்போ தட்டும். ஒன்றுமில்லை என்றால் தாள் தாளாகவே இருக்கும்.

அந்தத் தாளைப் பேயாண்டி பார்க்க மாட்டான். பக்கத்தில் சின்ன ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் முத்துத்தாயிடம் நீட்டுவான்.

அவள் சோழவந்தான்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவர்கள். எட்டு வயதிலேயே இலை தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். ஒரு வெற்றிலையைப் பார்த்தால் கிள்ளி எத்தனை நாள் ஆயிற்று, கொடியில் எந்த உயரத்தில் இருந்தது, வெயில் எவ்வளவு பட்டது என்று எல்லாம் சொல்வாள். பச்சை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் அவளுக்குப் பத்துப் பதினைந்து இருந்தன. பேயாண்டி தாளை நீட்டினால், "கொழுந்து வெத்தல" என்பாள். இன்னும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். "மூணு நா வெத்தல" என்றால் கொஞ்சம்தான் பாக்கி. கடைசியில் "தண்ணி" என்பாள். தண்ணி என்று அவள் வாயால் வந்தபிறகுதான் அவன் மேல்தண்ணீரை இறுத்துக் கொட்டுவான்.

எனக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டாகத் தெரிந்தது. பிள்ளை இல்லாத வீடு, புருஷனும் பெண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று நினைத்தேன். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் புதுமாப்பிள்ளை கணக்காகப் பெண்டாட்டியைப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறாயே என்று ஓட்டுவேன். அவன் சிரித்துச் சமாளிப்பான். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரிப்பாள்.

இறுத்த தண்ணீரைச் சாக்கடையில் விட மாட்டான். ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்பது அவன் ஓசூரில் பழகிய ஒழுங்கு. எல்லாம் ஒரு பெரிய நீல ட்ரம்முக்குள் போகும். அதற்குள் இரும்புத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பான். தப்பித் தவறி உலோகம் ஏதாவது தண்ணீரோடு போயிருந்தாலும் ட்ரம்மின் அடியில் சேறாகத் தங்கிவிடும். அதை வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பின மறுவாரம்தான் திறப்பான். நடுவில் திறந்து கிளறினால் உட்கார்ந்தது கலங்கிவிடுமாம். திறந்தால் ஒரு கரண்டிச் சேறு இருக்கும், சில வருஷம் அதுவும் இருக்காது. அந்தச் சேற்றில் வருவதை முத்துத்தாயின் பங்கு என்பான். வேலை ஒழுங்காகப் பார்த்தால் உனக்குப் பங்கே கிடைக்காது என்று அவளைச் சீண்டுவான்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரை போடுகிற நாளும் உண்டு, போடாத நாளும் உண்டு.

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை கல் மூட்டை இறக்கப் போயிருந்தேன். பேயாண்டி சுண்ணாம்பு வாங்க மேலூருக்குப் போயிருந்தான். முத்துத்தாய் காபி கொண்டுவந்து மாடிச் சுவரில் வைத்தாள். டம்ளர் பாதி சுவரிலும் பாதி அந்தரத்திலுமாக நின்று கீழே விழுந்தது. அவளே சிரித்துவிட்டு வேறு காபி போட்டு வந்தாள். இந்த முறை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கண் கொஞ்ச நாளாக மசமசவென்று இருப்பதாகச் சொன்னாள். கண்ணாடி போட வேண்டும் போல, கண்ணாஸ்பத்திரிக்குப் போனால் மருந்து ஊற்றிவிடுவார்களாம், கூட ஒரு ஆள் வர வேண்டுமாம், உங்கள் வண்டியில் கூட்டிப்போவீர்களா என்று கேட்டாள்.

"அவுகளுக்குத் தெரிய வேணாம்ணே" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். தெரிந்தால் வேலையை விட்டுவிடுவார் என்றாள். பெண்டாட்டி கண்ணாடி போட்டால் எந்தப் புருஷன் வேலையை விடுவான்? எனக்குப் புரியவில்லை. பெண்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"செவ்வாக்கெழம கடைல கூட்டம் இருக்காது. காலைல பத்து மணிக்கு வாரேன், ரெடியா இரு தாயி" என்றேன். அவள் சரியென்று தலையாட்டினாள். இது வியாழக்கிழமை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேயாண்டி போன் செய்து உடனே வா என்றான். போனேன். மாடியில் நோட்டை விரித்து வைத்திருந்தான். நான் கடைசியாகக் கொடுத்த நாலு லோடிலும் வர வேண்டிய எடை வரவில்லை, ஒவ்வொரு தடவையும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றான். அமிலம் அதே அமிலம், துத்தநாகம் அதே துத்தநாகம், செய்கிறவன் அதே ஆள். மாறியது கல் மட்டும்தான் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அதையும் சொன்னான்.

"ஏற்கெனவே எடுத்து முடிச்ச கல்லக் கலந்து குடுத்துட்ட மாப்ள. எங்கிட்டயே இத செஞ்சிருக்க வேணாம்."

நாற்பது வருஷப் பழக்கம். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என்னென்ன பேசினேன் என்று முழுவதும் ஞாபகம் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. "நான் குடுத்த கல்லு ஒரிஜினல்டா. கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?" என்று கத்தினேன். பேச்சுக்குச் சொல்வதுதான், சந்தையில் தினம் நாலு பேரைப் பார்த்துச் சொல்வதுதான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முத்துத்தாய் எழுந்து கீழே போய்விட்டாள். ஆம்பிளைகள் சண்டை, அதனால் போகிறாள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். மணி ஒன்பதரை ஆயிற்று. திருடன் என்று சொன்னவன் வீட்டு வாசலை நான் ஏன் மிதிக்க வேண்டும் என்று ஒரு மனசு. அவள் என்ன செய்தாள் பாவம் என்று இன்னொரு மனசு. வெறும் கண்ணாடிதானே, பஸ் ஏறிப் போய்க்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தே கால் மணிக்கு அவள் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. பத்தரைக்கு இன்னொரு முறை வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்திருந்த வாடிக்கையாளரிடம் தேவையில்லாமல் அரை மணி நேரம் சண்டை போட்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை.

எட்டு மாதத்துக்கு மேல் நான் ஒத்தக்கடைப் பக்கம் போகவில்லை. அவன் வேறு ஆளிடம் கல் வாங்குகிறான் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் எடை குறைகிறது, அந்த ஆளிடமும் சண்டை என்று கேள்விப்பட்டு, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இந்த வருஷம் வைகாசி மாதம் ஒரு மத்தியானம் பேயாண்டி என் கடைக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பின்சீட்டில் உட்கார்ந்தான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு ஸ்பானர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நீ திருடல மாப்ள" என்றான்.

அழகர் மலை ஏறின மறுவாரம் ட்ரம்மைத் திறந்திருக்கிறான். அடியில் ஒரு கரண்டி இல்லை, இரண்டு கையாலும் அள்ள வேண்டிய அளவுக்குக் கறுப்புச் சேறு. சோதித்துப் பார்த்தால் அத்தனையிலும் பல்லேடியம். என் நாலு லோடில் குறைந்தது, அதற்கப்புறம் எட்டு மாதமாகக் குறைந்தது, எல்லாம் அங்கேதான் கிடந்தது. உலோகம் முழுவதும் உட்காருவதற்கு முன்பே தண்ணீரை இறுத்துக் கொட்டியிருக்கிறார்கள். அதாவது தாளில் நிறம் இருக்கும்போதே தண்ணி என்று சொல்லப்பட்டிருக்கிறது.

அப்புறம் அவன் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். ரயில்வே மெடிக்கலில் கழித்தது பிரஷருக்காக இல்லை. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் போட்டிருக்கும் ஒரு புத்தகத்தைக் காட்டினார்களாம், அவனுக்கு ஒரு எண்கூடத் தெரியவில்லை. பச்சையும் சிவப்பும் பழுப்பும் அவனுக்கு ஒன்றுதான், பிறவியிலிருந்தே அப்படி. அழுத்தமான கறை என்றால் தெரியும், மங்கலாக இருந்தால் வெள்ளைத் தாளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஓசூரில் பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்து ஒப்பேற்றியிருக்கிறான். கல்யாணம் ஆனதும் முத்துத்தாயிடம் மட்டும் சொன்னான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லா நிறத்தையும் அவன் காதில் சொல்லிக்கொண்டே இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் புதுமாப்பிள்ளை என்று ஓட்டியதெல்லாம் இதைத்தான்.

ட்ரம்மைப் பார்த்த அன்றைக்கு அவளை மாடிக்குக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறான். தாள் எதுவும் இல்லாமல் வெறும் உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டி, என்ன முத்து என்று கேட்டிருக்கிறான்.

"நல்லா தெளிஞ்சிருச்சு, தண்ணின்னா மாப்ள. என் வெறுங்கையப் பாத்து தண்ணின்னா."

இதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான். கடையில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை. அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறான். சர்க்கரை கண்ணுக்குள் ரத்தம் கசிய வைத்து, உள்ளே இருக்கும் திரையை இழுத்துவிட்டது. ஒரு கண் முழுவதும் போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ கண்ணுக்காக மதுரைக்கு வருகிறார்கள். இவள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகிற இடம் அது. டாக்டர் நல்லவர், திட்டவில்லை, இதற்கு முன்னால் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டாராம்.

எப்போது வந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஆவணிலயே வந்திருந்தா லேசர் வச்சு நிப்பாட்டியிருக்கலாம்னாக" என்றான்.

அவன் எதையோ நினைத்துக்கொண்டவனாக, அதே ஆவணியில் ஒரு நாள் அவள் நல்ல சேலை கட்டி, பையை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து வாசலில் நின்றதாகச் சொன்னான். எங்கே என்று கேட்டதற்குக் கோயிலுக்கு என்றாளாம். மத்தியானம் வரை நின்றுவிட்டு, போகாமலேயே உள்ளே வந்து சேலையை மாற்றிக்கொண்டாளாம். அப்போதே கண் தெரியாமல்தான் தனியாக ரோட்டைத் தாண்டப் பயந்து நின்றிருக்கிறாள், எனக்குத்தான் புரியவில்லை மாப்ள என்று தலையில் அடித்துக்கொண்டான். அது என்ன கிழமை என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்தக்கடைக்குப் போனேன். முத்துத்தாய் கேட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, வாங்கண்ணே என்றாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து தாயி, தாயி என்று ரெண்டு முறை கூப்பிட்டேன். அவள் என் தோளைத் தடவிக் கண்டுபிடித்துக் கையை வைத்தாள்.

"அன்னைக்குச் சண்டையில நான் வாயத் தொறந்திருக்கணும்ணே. தொறந்தா அவுக கண்ணு வெளிய தெரிஞ்சிரும். அதான் எறங்கிப் போயிட்டேன்" என்றாள்.

எனக்கு ஒரு வார்த்தை திட்டு விழுந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் எனக்குக் காபி போடச் சொல்லிப் பேயாண்டியைக் கூப்பிட்டாள். அவன் சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டுக் கொண்டுவந்தான்.

அன்றிலிருந்து அவள் உட்கார்ந்த இடத்தில் நான் உட்காருகிறேன். அவளுக்கு என் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கிறோம். ட்ரம்மில் கிடந்த சேற்றை எல்லாம் மறுபடி கரைத்து மறுபடி உட்கார வைத்தான் பேயாண்டி. அதெல்லாம் உன் பங்கு என்று அவளிடம் ஒரே ஒரு முறை சொன்னான். சொன்னவன் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான், திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சேற்றில் போன உலோகம் ஒரு சிட்டிகை குறையாமல் திரும்பி வந்தது. அதைக் கண்ணுக்கு வைக்க முடியாது.

தாளை நீட்டினால் நான் பச்சை என்பேன். எந்தப் பச்சை என்று அவள் கேட்பாள். எனக்கு எங்கே தெரியும்? முதல் நாள் டவுன் பஸ் பச்சை என்றேன், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கொழுந்தா, மூணு நாளா என்று அவள் கேட்க, தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து நான் உளற, அவளே ஒரு முடிவுக்கு வந்து இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள் என்பாள். இதுவரை ஒரு முறைகூடத் தப்பவில்லை.

நான் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் போகிறேன். அதனால் சொட்டு வைத்துப் பார்க்கிற வேலை எல்லாவற்றையும் பேயாண்டி அந்த ஒரு நாளுக்கு ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் அவன் பொறுமையிழந்து கேட்டுவிட்டான். அது என்ன கணக்கு, பத்து மணி அடித்தால் வந்து நிற்கிறாய், மற்ற நாளில் கூப்பிட்டால் கடை கடை என்கிறாய், செவ்வாய்க்கிழமைக்கு என்ன வேண்டுதல் என்றான்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மூன்று மாதமாக உள்ளேயே வைத்திருந்தது. அதற்குள் முத்துத்தாய் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அண்ணே ஒரு செவ்வாக்கெழம பத்து மணிக்கு வாரேன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாக" என்றாள். "அதான் வாராக."

பேயாண்டிக்கு என்ன விளங்கியதோ தெரியாது. சரி என்று சொல்லிவிட்டு, தாளில் ஒரு சொட்டு விட்டு, அதன் மேல் இன்னொரு சொட்டு விட்டு என் முன்னால் நீட்டினான். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், தாள் மசமசவென்று இருந்தது.

"என்ன மாப்ள, தெரியலையா?" என்றான்.

கொஞ்சம் பொறு என்றேன்.